மேற்குக் கடைசி

சுவரில் திருகி வைத்தால் ஆயுசுக்கும் ஒரே திக்கைப் பார்த்துக்கொண்டிருப்பதற்குப் பெயர்தான் டிஷ் என்று கிடங்குக்காரர் நாற்பத்தைந்து வயதுவரை நம்பியிருந்தார். கல்யாணமாகிக் குடிவந்த வீட்டின் மொட்டைமாடியில் இருந்ததோ கழுத்து உள்ள டிஷ். கீழே கூடத்தில் ரிமோட்டை அமுக்கினால், மேலே ஒரு மோட்டார் முனகிக்கொண்டே அதைக் கிழக்கிலிருந்து மேற்காகத் திருப்பும். வானத்தில் வரிசையாக நிற்கும் செயற்கைக்கோள்களில் எது வேண்டுமோ அதற்கு நேராக நிறுத்தும். விஞ்ஞானிகள் வைத்த பெயர்கள் அந்த வீட்டில் செல்லாது. கிழக்கு முதல், உச்சி, மேற்கு நடு, மேற்குக் கடைசி என்று பேருந்து நிறுத்தம் மாதிரிதான் சொல்வார்கள்.

டிஷ்ஷை வைத்தவர் மனைவியின் முதல் கணவர். நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அது ஆகி நாலு வருஷம். மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. இவருக்குக் குளிர்பதனக் கிடங்கில், மீன் பெட்டியும் வெண்ணெய்ப் பெட்டியும் அடுக்குகிற வேலை. தோள்பட்டை வலிக்குத் தைலம் வாங்கப் போய்ப் போய்ப் பழக்கமாகி, "இவ்வளவு தைலம் யானைக்குக்கூட ஆகாதே" என்று அவள் ஒரு நாள் கேட்டு, அது கல்யாணத்தில் முடிந்தது. அதை விரித்தால் வேறு கதை.

இந்தக் கதையில் முக்கியமானவள் மகள். பதினாறு வயது. காலடிச் சத்தமே இல்லாமல் பக்கத்தில் வந்து நிற்பாள் என்பதால் அம்மா வைத்த பெயர் பூனை. பூனை அவரிடம் மரியாதைக்குக் குறை வைக்கவில்லை, முறைக்குத்தான் குறை. அப்பா என்று கூப்பிட முடியாது, அந்த இடம் காலியில்லை. மாமா, சித்தப்பா எதுவும் நாக்கில் உட்காரவில்லை. அதனால் அவரிடம் பேசும்போது வாக்கியத்திலிருந்து ஆளையே எடுத்துவிடுவாள். "சாப்பாடு ஆறுது." "போன் அடிக்குது." "குடை வெளிய இருக்கு." வானொலியில் செய்தி வாசிப்பது போலத்தான். யாரிடம் சொல்கிறாள் என்றால் யாரிடமும் இல்லை. ஆறுகிற சாப்பாடு என்னவோ அவருடையது.

அவரும் லேசுப்பட்டவர் இல்லை. சொந்த வீட்டில் விருந்தாளி மாதிரி வளைய வந்தார். குடித்த டம்ளரை அப்போதே கழுவிக் கவிழ்த்தார். செருப்பை மற்றச் செருப்புகளோடு விடாமல் ஒரு முழம் தள்ளி விட்டார். கிடங்கில் போடுகிற பஞ்சு வைத்த கோட்டும் கால்சட்டையும் எவ்வளவு துவைத்தாலும் லேசாக மீன் வாசனை அடிக்கும். மாடிக் கொடியில் பூனையின் பள்ளிச் சீருடை காய்கிறது. அதன் பக்கத்தில் இந்த நாற்றத்தை எப்படிப் போடுவது? வாரத்தில் கிடைக்கிற ஒரே விடுமுறையான ஞாயிற்றுக்கிழமை காலையில், தானே மாடியில் துவைத்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கண்ணில் படாத மூலையில் தனியாகக் கயிறு கட்டி உலர்த்திக்கொள்வார். இதையெல்லாம் யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை.

பூனைக்கும் ஞாயிற்றுக்கிழமை காலைதான் முக்கியம். பத்து மணிக்குக் கூடத்துக் கதவைச் சாத்திக்கொண்டு, டிஷ்ஷை மேற்குக் கடைசிக்குத் திருப்பி, ஏதோ ஒரு நாட்டுத் தொடர் பார்ப்பாள்.

"அப்பாவும் பொண்ணுமா பாப்பாங்க. ஒரு வார்த்தை புரியாது ரெண்டு பேருக்கும்," என்று மனைவி சொல்லியிருந்தாள். "ஆனா அரை மணி நேரமும் உள்ளேருந்து ஒரே சிரிப்பு. நான் எட்டிப் பாத்தா கப்சிப்னு ஆயிடுவாங்க. இப்ப தனியாப் பாக்கறா. போகட்டும்னு விட்டுட்டேன்."

அவர் குடிவந்த சில வாரங்களில் அந்தச் சிக்னல் போனது. மற்றதெல்லாம் பளிச்சென்று வந்தது. மேற்குக் கடைசிக்குப் போனால் மட்டும் படம் கட்டம் கட்டமாக உடைந்து, நீலத் திரையில் 'சிக்னல் இல்லை' என்று வந்து நிற்கும். பூனை சத்தம் போடவில்லை. டிவியை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததிலிருந்து கிடங்குக்காரருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"கழட்டிப் போட்டுடலாங்க," என்றாள் மனைவி. "பழசாயிடுச்சு. சின்ன டிஷ்ஷா ஒண்ணு வாங்கி மாட்டினாப் போதும்."

"வேணாம்மா. நான் பாக்கறேன்."

அந்த ஆள் மாட்டியதை இந்த ஆள் வந்து கழட்டினான் என்று ஆகிவிடக் கூடாது. அவருடைய கவலை மொத்தமும் அதுதான். பூனை ஒரு நாளும் அப்படிச் சொல்ல மாட்டாள். சொல்லாமலே இருப்பாளே, அதுதான் பயம்.

டிஷ்ஷைப் பற்றி அவருக்கு ஆனா ஆவன்னா தெரியாது. ஆனால் கிடங்கில் குளிர் குறைந்தால் எங்கே கசிகிறது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வருவார்கள், அது தெரியும். அப்படியே ஆரம்பித்தார். ரிசீவரின் பின்பக்கத்திலிருந்து கேபிளைப் பிடித்துக்கொண்டு மாடிக்கு ஏறினார். டிஷ்ஷுக்கு எதிரே மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டு சிக்னலை வாங்கும் எல்.என்.பி.யைத் துடைத்தார். மூட்டுகளைக் கழற்றி உள்ளே தண்ணீர் போயிருக்கிறதா என்று பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. ஒவ்வொரு மூட்டிலும் கிரீஸ் தடவி, ரப்பர் டேப் சுற்றி, டேப்பின் நுனி மழைத்தண்ணீர் ஏறாதபடி கீழ்நோக்கி முடிந்திருந்தது. சுவரோடு வரும் கேபிளுக்குச் சாண் சாணுக்கு ஒரு முடிச்சு, எல்லாம் ஒரே மாதிரி. மோட்டாரில் நடுக்கோடு எது என்று சிவப்புப் பெயிண்ட்டில் மெல்லிய கீற்று.

முடிச்சைப் பார்த்தால் ஆளைத் தெரிந்துவிடும். அவசரப்படாத மனுஷன், எதையும் பாதியில் விடாதவன் என்று நினைத்துக்கொண்டார். இந்த ஆளோடு போட்டி போட முடியாது. உயிரோடு இருந்திருந்தால் சிநேகிதராக்கிக்கொள்ளலாம். உயிரோடு இருந்திருந்தால் தனக்கு இங்கே என்ன வேலை என்பதும் உடனே உறைத்தது. அதற்கு மேல் அதை நினைக்காமல் ஸ்பேனரை எடுத்தார்.

வேடிக்கை என்னவென்றால் அவர் கை வைத்த ஒவ்வொரு ஞாயிறும் சிக்னல் வந்தது. கையை எட்டவிடாமல் இடைஞ்சலாகத் தொங்கும் ஈரத்துணியை முதலில் எடுத்து வாளியில் போடுவார். மூட்டை இறுக்குவார். கீழே இறங்கிப் பார்த்தால் படம் ஜம்மென்று வந்திருக்கும், தொடர்தான் முடிந்திருக்கும். மூட்டுதான் கோளாறு, சரிபண்ணியாகிவிட்டது என்று மார்தட்டிக்கொண்டு மேலே போய்த் துணியை மறுபடி உலர்த்துவார். அடுத்த ஞாயிறு பத்து மணிக்குப் படம் உடையும். அப்படியானால் கேபிள் என்று கேபிளை மாற்றினார். பிறகு எல்.என்.பி.யை மாற்றினார். எல்லாமே கோளாறு, எல்லாமே சரியாயிற்று, எதுவும் நிலைக்கவில்லை.

கடைசியில் டிஷ் மெக்கானிக்கை ஒரு சாயங்காலம் கூட்டிவந்தார். வந்தவர் மீட்டரை மாட்டி மேற்குக் கடைசிக்குத் திருப்பினார். சிக்னல் கல் மாதிரி நின்றது.

"இது எங்க வராம இருக்கு? நல்லாத்தானே வருது."

"ஞாயித்துக்கிழமை காலையில மட்டும் வராதுங்க."

மெக்கானிக் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப நீங்க பாக்க வேண்டியது என்னை இல்ல சார். ஜோசியரை."

மெக்கானிக் சிரித்துவிட்டுப் போய்விட்டார். கிடங்குக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் இரண்டு நாள் முன்புதான், சமையலறையில் பூனை அம்மாவிடம் சொன்னது காதில் விழுந்திருந்தது. குத்தலாகச் சொல்லவில்லை, கணக்குப் பாடம் ஒப்பிப்பது போலத்தான் சொன்னாள். "சனிக்கிழமை வருதும்மா. திங்கக்கிழமை வருது. அவருக்கு லீவு இருக்கற அன்னிக்கு மட்டும்தான் வரல."

அவர் ராகுகாலம் பார்க்கிறவர் இல்லை. பூனை குறுக்கே போனால் திரும்பி வருகிறவரும் இல்லை; இந்த வீட்டில் அப்படி இருந்தால் பிழைக்கவும் முடியாது. ஆனாலும் புத்தி ஒன்று சொன்னது, வயிறு ஒன்று சொன்னது. சோதித்துப் பார்த்துவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை இன்னொருவருக்குப் பதிலாக வேலைக்குப் போனார். சாயங்காலம் வந்து, சட்டையைக் கழற்றியபடியே சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டார்.

"இன்னைக்கு டிவி வந்துச்சா?"

"பளிங்கு மாதிரி வந்துச்சாம்," என்றாள் மனைவி சந்தோஷமாக. "முழுசாப் பாத்தா. சாப்பிடறப்பகூட ரெண்டு வார்த்தை கூடப் பேசினா."

அவர் நல்லது என்றார். அன்றிரவு தைலம் தேய்த்துக்கொள்ள மறந்துபோனார். அடுத்த ஞாயிறு வீட்டில் இருந்தார். படம் வரவில்லை.

அதற்கு மேல் என்ன யோசனை வேண்டிக்கிடக்கிறது? மேற்பார்வையாளரிடம் சொல்லி விடுமுறையைப் புதன்கிழமைக்கு மாற்றிக்கொண்டார். வரும் ஞாயிறு மட்டும் வீடு, அதன் பிறகு புதன்தான். சாப்பிடும்போது மனைவியிடம், கிடங்கில் ஆள் பற்றாக்குறை, அது இது என்று ஏதோ சொன்னார். மருந்துக்கடையில் பொய்ச் சீட்டும் மெய்ச் சீட்டும் பிரித்துப் பழகியவளிடம் இது நடக்குமா?

"ஞாயித்துக்கிழமை ஒரு நாள்தான் மூணு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடறோம்," என்றாள். "என்னான்னு நிஜத்தைச் சொல்லுங்க."

அவர் தட்டைப் பார்த்தார். "நான் இருந்தா வரலம்மா."

"எது வரல?"

"மேற்குக் கடைசி."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். அவர் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினாள். "என்னங்க இது. சின்னப் பசங்க மாதிரி."

"அவளுக்குன்னு இருக்கறது அது ஒண்ணு. அவங்க அப்பாவோடது. நான் வந்து அதுவும் போச்சுன்னா நல்லாவா இருக்கு? புதன்கிழமை எனக்கு ஒண்ணும் கஷ்டம் இல்ல. நீ விடு."

கஷ்டம்தான். இத்தனை வயதுக்குப் பிறகு கிடைத்த ஞாயிற்றுக்கிழமைகள் அவை. மனைவி அவர் புறங்கையைப் பிடித்துக்கொண்டாள். கதவுக்கு அந்தப் பக்கம் பூனை நின்றுகொண்டிருந்தது இரண்டு பேருக்கும் தெரியாது. பூனை நிற்பது யாருக்குத்தான் தெரியும்?

அந்தக் கடைசி ஞாயிறு காலையில் அவர் மாடியில் கோட்டைப் பிழிந்துகொண்டிருந்தார். பிழிந்தும் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. பஞ்சு வைத்த துணி ஈரமாகிவிட்டால் ஒரு ஆளைத் தூக்குகிற கனம்.

"நீங்க ஏன் லீவை மாத்தினீங்க?"

திரும்பினால் தொட்டியருகே பூனை. 'நீங்க' என்கிறாளே என்பதுதான் அவர் காதில் முதலில் விழுந்தது. கேள்வி பிறகுதான் விழுந்தது.

"கிடங்குல ஆள் கம்மி..."

"நான் கேட்டுட்டேன். அம்மாகிட்ட நீங்க சொன்னதை." அவள் கைகளைக் கட்டிக்கொண்டாள். கோபமாகத்தான் இருந்தாள், யார்மேல் என்று அவளுக்கே தெரியாத கோபம். "உங்க ராசின்னு நான் சொல்லவே இல்ல. லீவு அன்னிக்குப் போகுதுன்னுதான் சொன்னேன். அப்படின்னா லீவு அன்னிக்கு மட்டும் நடக்கற ஏதோ ஒண்ணு இருக்குன்னு அர்த்தம். ராசியாம். அப்பா இருந்தா சிரிச்சிருப்பார்."

அவர் கோட்டை இன்னொரு தடவை பிழிந்தார்.

"லீவு அன்னிக்கு என்னல்லாம் பண்ணுவீங்க? காலையிலேருந்து சொல்லுங்க."

"என்ன பண்ணுவேன்... கொஞ்சம் லேட்டா எழுந்திருப்பேன். சவரம் பண்ணுவேன். அப்புறம் இந்தத் துணிங்களை..." என்றபடியே கோட்டைக் கயிற்றில் எறிந்தார்.

கயிறு தொய்ந்தது. அதன் ஒரு முனை தண்ணீர்க் குழாயில் கட்டியிருந்தது. இன்னொரு முனை டிஷ் நிற்கும் இரும்புக் கம்பத்தில். அந்த மூலையில் கயிறு கட்டத் தோதாக வேறு எதுவும் இல்லை.

பூனை அசையாமல் டிஷ்ஷையே பார்த்தாள். "அதை எடுங்க."

எடுத்தார்.

"மறுபடி போடுங்க."

போட்டார்.

"இங்கேருந்து பாத்தா டிஷ் விளிம்புக்கு மேல எதிர்க் கட்டடத்தோட மேல் ஜன்னல் தெரிஞ்சுது. இப்ப டிஷ் மறைக்குது." அவள் குரல் மாறிவிட்டது. "அப்படியே இருங்க. அசையாதீங்க."

படியில் தடதடவென்று சத்தம் கேட்டது. அவள் ஓடி அவர் பார்த்ததே இல்லை. கொஞ்ச நேரத்தில் அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. ஒரே வீட்டில் இத்தனை மாதம் இருந்தும் அவள் அவரைப் போனில் கூப்பிடுவது அதுவே முதல் தடவை.

"எடுங்க," என்றது போன். எடுத்தார். "வந்துடுச்சு. போடுங்க." போட்டார். "போயிடுச்சு. எடுங்க." கனத்த கோட்டைத் தூக்கித் தூக்கிப் போட்டதில் தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருந்தது. "ஐயோ, வந்துடுச்சு," என்று அவள் அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு போனிலும் கேட்டது, படிக்கட்டு வழியாகவும் கேட்டது.

மற்றச் செயற்கைக்கோள்களின் சிக்னல் பலமானது. கம்பம் கொஞ்சம் சாய்ந்தால் பொறுத்துக்கொள்ளும். மேற்குக் கடைசி அப்படி இல்லை, அடிவானத்தை ஒட்டி இருப்பது. நூல் பிசகினாலும் போய்விடும். இதெல்லாம் பிறகு அவருக்குப் புரிந்தது. அந்த நேரத்தில் புரிந்தது ஒன்றுதான். இத்தனை ஞாயிறும் அந்தப் பிள்ளையின் படத்தைக் கெடுத்தது தன் ஈரக் கோட்டு. போய் ஒளிந்துகொள்ளலாம்போல் இருந்தது, கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே ஒளிவது?

பூனை மூச்சு வாங்க மேலே வந்தாள். "இதை ஏன் அந்தக் கொடியில போடல? அவ்வளவு நீளக் கொடி இருக்கில்ல?"

"மீன் வாசனைம்மா. உன் ஸ்கூல் துணியெல்லாம் காயுது. அதுவுமில்லாம..." அவர் தடுமாறினார். "அது உங்க கொடி."

பூனை அவரைப் பார்த்தாள். இவ்வளவு பெரிய ஆள், தலை நரைக்க ஆரம்பித்த ஆள், கொடியில் துணி போடக் கூச்சப்பட்டுத் தொட்டிக்குப் பின்னால் கயிறு கட்டியிருக்கிறார். அவளும் சேர்ந்துதான் கட்டவைத்திருக்கிறாள் என்று அவளுக்குப் பட்டது. அது முகத்தில் தெரிந்தது.

"கொடியில என்ன உங்க கொடி எங்க கொடி," என்று முணுமுணுத்துவிட்டு, அவர் கையிலிருந்து கோட்டைப் பிடுங்கினாள். கனம் தாங்காமல் ஒரு பக்கம் சாய்ந்தபடி அதை இழுத்துக்கொண்டு போய்த் தன் சீருடையை ஒதுக்கி நடுக்கொடியில் போட்டாள். மூக்கைச் சுருக்கினாள். "நாறத்தான் செய்யுது," என்றாள். பிறகு கம்பத்துக்குப் போய், அவர் போட்ட முடிச்சோடு மல்லுக்கட்டினாள். அவருடைய முடிச்சு அவர் மாதிரியே. ஒன்றுக்கு மூன்றாகப் போட்டிருந்தார். இரண்டு பேருமாகச் சேர்ந்து அவிழ்த்தார்கள்.

"மணி ஆயிடுச்சு," என்று சொல்லிவிட்டு இறங்கினாள். பாதிப் படியில் நின்று, திரும்பிப் பார்க்காமல், "கதவு தொறந்துதான் இருக்கும்," என்று செய்தி வாசித்தாள்.

அவர் கை காலெல்லாம் கழுவிக்கொண்டு கூடத்து வாசலுக்கு வந்தார். உள்ளே போகவில்லை. திரையில் ஒரு சமையலறை; அழுத்தமான முகம் கொண்ட ஒரு பெண்மணி மேசையைத் துடைத்துக்கொண்டே ஏதோ பாஷையில் பொரிந்தாள். டிவியின் சத்தத்தைப் பூனை குறைத்து வைத்திருந்தாள். பெண்மணியின் வாய் அசையும்போதெல்லாம் பூனைதான் பேசினாள். "துடைக்கறதுக்குன்னே பொறந்திருக்கேன் நான். இந்த வீட்ல ஒருத்தருக்காவது கண்ணு தெரியுதா?" உதட்டசைவுக்குச் சரியாகப் பொருந்தியது. அவருக்குச் சிரிப்பு வந்தது. அப்போது ஒரு வழுக்கைத்தலைக் கிழவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்து பேசினார். பூனை பேசவில்லை. கிழவரின் வாய் மட்டும் அசைந்தது. பெண்மணி திரும்பிப் பதில் சொன்னபோது பூனை மறுபடி தொடங்கினாள்.

"அவர் அப்பாவோட ஆள்," என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஆம்பளைங்க குரல் எல்லாம் அப்பா. பொம்பளைங்க எல்லாம் நான். இப்பவும் ஆம்பளைங்க பேசறப்ப நான் சும்மா இருப்பேன்."

அவர் தலையாட்டினார். கிழவர் பேசி முடிக்கும்வரை இருவரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள்.

திரையில் கதவு தட்டும் சத்தம். பெண்மணி திறந்தாள். வெளியே மழையில் தொப்பலாக நனைந்த ஒரு ஆள், தடித்த புருவம், கையில் பெட்டி. பூனை முகத்தைச் சுளித்தாள்.

"இது யாரு? நான் பாக்காத வாரத்துல எப்பவோ வந்திருக்கான். இவனை அப்பாவுக்குத் தெரியாது." கொஞ்சம் யோசித்தாள். "நீங்க பேசுங்க."

"நானா?"

"சீக்கிரம். வாயைத் திறந்துட்டான்."

"வணக்கங்க, சௌக்கியமா இருக்கீங்களா..."

"அவன் கோவமா இருக்கான். நீங்க குழையறீங்க. புருவத்தைப் பாருங்க."

நனைந்த ஆள் பெட்டியைத் தரையில் வைத்து மறுபடி பேசினான். கிடங்குக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். எங்கிருந்து வந்ததோ, வாயில் வந்தது வந்துவிட்டது. "எத்தனை நாளைக்குத்தான் வாசல்லயே நிக்கறது?"

சமையலறையில் மனைவி உருட்டிக்கொண்டிருந்த பாத்திரச் சத்தம் நின்றது. திரையில் பெண்மணி இடுப்பில் கைவைத்து அவனை மேலும் கீழும் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

"உங்களை யாரு நிக்கச் சொன்னா?" என்றாள் பூனை, பெண்மணியின் குரலில். "உள்ள வந்து உக்காருங்க."

அவர் உள்ளே போய் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தார். கண் கலங்கித் திரை சரியாகத் தெரியவில்லை. தடித்த புருவக்காரன் அதற்குள் அடுத்த வாக்கியத்தை ஆரம்பித்துவிட்டிருந்தான். அவனை எட்டிப் பிடிக்க அவர் வேகமாகப் பேச வேண்டியிருந்தது.